நூலகம் இடம்பெயர்ந்த காலம்

நூல்களின் வரலாறு பேசப்படுமிடமெல்லாம் அவற்றை யாத்தோரும் படியெடுத்தோரும் அச்சிட்டோரும் போற்றப்படுகின்றனர். நூலை வாசகன் கைக்குக் கொண்டு சேர்த்தோரின் வரலாறு அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. ஒரு நூல் எழுதப்பட்டதால் மட்டும் பயன் நிறைவதில்லை. அது தன்னை நாடுவோனைச் சென்றடையும் வழி எது, அவ்வழியில் யார் நடக்க முடிந்தது, யார் நடக்க முடியாமற் போயிற்று என்னும் வினாக்களுக்கும் விடை கண்டாலன்றி அறிவின் வரலாறு முழுமை பெறாது.

அத்தகைய வழி ஒன்று நம் கண்முன்னேயே அடைபட்டு, வேறொரு வழி திறந்த காலம் 2020, 2021 ஆகிய ஈராண்டுகள். பெருந்தொற்றின் காரணமாகப் பொது நூலகங்கள் பூட்டப்பட்டன. அவை நடத்திவந்த கூட்டங்களும் நூல் அறிமுகங்களும் சிறுவர் நிகழ்ச்சிகளும் இணையத்திற்குப் பெயர்ந்தன. அந்த இடப்பெயர்ச்சியால் பெற்றது எது, இழந்தது எது என்பதை நிதானமாக எடைபோட இப்பொழுது காலம் கனிந்திருக்கிறது.

கேளம்பாக்கம் நிற்கும் இடம்

இவ்வாராய்ச்சிக்குக் கேளம்பாக்கத்தை உரைகல்லாகக் கொள்வது பொருத்தமாகும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையில், வண்டலூரிலிருந்து வரும் சாலை வந்து கூடுமிடத்தில் அமைந்த ஊர் இது. கிழக்கே உப்பளங்களையும் கழிமுக நீரையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்தால் கோவளம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் கோட்டையும் துறையுமாக விளங்கி, 1752இல் கிளைவின் படையிடம் வீழ்ந்த ஊர் அது. தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்கா அவ்வூருக்குப் பல திசைகளிலிருந்தும் மக்களை இன்றும் அழைத்து வருகிறது. மேற்கிலும் வடக்கிலுமோ காட்சியே வேறு. பழைய சாலை ராஜீவ் காந்தி சாலையாகப் பெயர் பெற்றுக் கணினித் தொழிலின் பெருவழியாயிற்று. அண்டை ஊராகிய சிறுசேரியில் சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவும், உலகின் செய்திகளைச் சேமித்து வைக்கும் தரவு மையங்களும் எழுந்துள்ளன.

ஆகவே ஒரே ஊரின் எல்லைக்குள் இரு காலங்கள் அருகருகே வாழ்கின்றன. உப்பளத்திலும் கழிமுகத்திலும் உழைப்போர் ஒருபுறம். அடுக்குமாடியில் அமர்ந்தபடியே அமெரிக்காவுக்குப் பணியாற்றுவோர் மறுபுறம். இணைய நூலகம் எல்லார்க்கும் உரியதா என்னும் கேள்வியைச் சோதிக்க இதைவிடத் தக்க இடம் அரிது.

பொது நூலகம் என்பதன் பொருள்

இதற்கு விடை காணுமுன், பொது நூலகம் என்ற சொல்லுக்கு இந்நாட்டில் என்ன பொருள் வகுக்கப்பட்டது என்பதை நினைவுகூர வேண்டும். சென்னையில் 1850இல் எட்வர்டு பால்ஃபோர் என்பாரின் முயற்சியால் முகம்மதியப் பொது நூலகம் தோன்றியது. 1896 டிசம்பரில் எழும்பூரில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. ஆயினும் நூலகத்தை ஊர்தோறும் நிறுவுவது அரசின் கடமை என்று சட்டம் பேசியது 1948இல்தான். அவ்வாண்டு கல்வியமைச்சராயிருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்த சென்னைப் பொது நூலகச் சட்டமே விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்கு வித்திட்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் ஆவார்.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனோடு சேர்த்து நூலகத்திற்கென ஒரு சிறு பங்கைச் செலுத்துகின்றனர். வீடுடையோர் வரி செலுத்த, வீடற்றோரும் வந்து படிக்கும் ஏற்பாடு அது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று படிப்படியாக இறங்கி, இன்று தமிழ்நாட்டில் 4,600க்கு மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. பணம் படைத்தோன் நூலை விலைக்கு வாங்குவான். அமைதியான அறையும் அவன் வீட்டில் இருக்கும். இவ்விரண்டும் இல்லாதவனுக்கு நூலும் நாற்காலியும் மின்விசிறியும் விளக்கும் நாளிதழும் ஒருங்கே தருவது பொது நூலகம்.

நூலகம் இடம்பெயர்ந்து செல்வதும் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பார் அமைத்த வண்டி அது. நூல்கள் பயன்படுவதற்கே என்ற முதல் விதியோடு தொடங்கும் தம் ஐந்து விதிகளை அரங்கநாதன் நூலாக வெளியிட்டதும் அதே 1931ஆம் ஆண்டில்தான். வண்டி சென்றது நூலகத்திற்கு வர இயலாதவனைத் தேடி. பின்னாளில் இணையம் ஏறி நூலகம் புறப்பட்டபோது அது யாரைத் தேடிச் சென்றது என்று கேட்பதற்கு இந்த மாட்டுவண்டியே நமக்கு அளவுகோல்.

பூட்டிய கதவும் திறந்த திரையும்

2020 மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாத் தொற்றை உலகப் பெருந்தொற்றென அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கல்விக்கூடங்களோடு நூலகங்களும் மூடப்பட்டன. 65 வயதுக்கு மேற்பட்டோரும் 10 வயதுக்குட்பட்ட சிறாரும் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். பொது நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியை நிறைப்போர் முதியோர். சிறுவர் பகுதியை நிறைப்போர் சிறார். எனவே செப்டம்பர் முதல் கட்டுப்பாடுகளோடு கதவுகள் படிப்படியாகத் திறந்தபின்னும் இவ்விரு சாராரும் வெளியிலேயே நின்றனர். 2021 மே மாதத்தில் இரண்டாம் அலையின் கடுமையால் மாநிலத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. தொற்று மிகுந்த மாவட்டங்களுள் 2019இல் புதிதாகப் பிறந்த செங்கற்பட்டு மாவட்டமும் ஒன்று.

கதவடைத்த நிலையில் நூலகங்களும் அவற்றைச் சார்ந்த வாசகர் வட்டங்களும் இணையத்தை நாடின. அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கி எவரும் விலையின்றிப் பெற வழி செய்திருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் தீக்கிரையான கொடுமையை மறவாத ஈழத்து அன்பர்கள் 2005இல் நூலகத் திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து வெளியீடுகளை மின்வடிவில் காத்து வந்தனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் 2017 முதல் அரிய நூல்களை அளித்து வந்தது. இவை நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தன. 2020இல் கூட்டங்களும் அங்கே சென்றன. கேளம்பாக்கத்திற்கு வரும் அதே பழைய சாலையின் வடகோடியில், தரமணியில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தன் சொற்பொழிவுகளை இணையவழி நடத்தியது.

இதன் நன்மையை மறைப்பது நீதியாகாது. கேளம்பாக்கத்தில் வாழும் ஒருவர் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாலைக் கூட்டம் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பேருந்தில் சென்று இரவில் மீள வேண்டும். வீட்டுப் பொறுப்புடைய பெண்டிர்க்கும் உடல் தளர்ந்தோர்க்கும் அது எளிதன்று. இணையவழிக் கூட்டத்தில் அவர்களும் கேட்டனர். சிங்கப்பூரிலும் கனடாவிலும் வாழும் தமிழர்களும் அதே வேளையில் கேட்டனர். தலைநகரின் அவைகளில் இடம்பெறாத ஊர்ப்புற ஆசிரியர்கள் பேச்சாளராகவும் ஆயினர்.

விலகுதலும் கைவிடுதலும்

அக்காலத்தில் அனைவர் நாவிலும் வழங்கிய தொடர் ‘சமூக இடைவெளி’ என்பது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சு மாதத்தில், சமூகத்தால் விலகுதல் வேண்டா, உடலால் விலகுதலே போதும் என்னும் கருத்தில் சொல்லை மாற்றிக் கொண்டது. தீண்டாமையின் வடு ஆறாத நம் நாட்டில் அத்திருத்தம் இன்னும் ஆழமாக உணரப்பட வேண்டியது.

இந்த வேறுபாட்டை இஸ்லாமிய வரலாறு முன்பே கண்டிருக்கிறது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639ஐ ஒட்டி, ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகு என்னுமிடம் வரை சென்று, நோய்ச் செய்தி கேட்டு, தோழர்களோடு கலந்தாய்ந்து திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, இறைவிதியினின்று இறைவிதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் புகவும் வேண்டா, அதனின்று தப்பி ஓடவும் வேண்டா என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அறிவிக்க, முடிவு உறுதிப்பட்டது. ஆயினும் உமர் (ரலி) அவர்கள் அப்படையை மறந்துவிடவில்லை. மதீனாவுக்கும் ஷாமுக்குமிடையே கடிதங்கள் சென்றவண்ணம் இருந்தன. உடல் விலகிற்று, உறவு விலகவில்லை.

நூலகங்கள் இணையத்தை நாடியதும் இவ்வகைக் கடிதமே. எனவே அது நற்செயல் என்பதில் ஐயமில்லை. கடிதம் யாருக்கு எட்டியது, நேர்ச் சந்திப்போடு அது எவ்வாறு ஒப்பிடப்பட வேண்டும் என்பனவே எஞ்சிய வினாக்கள்.

எட்டு வழிகள்

இவ்வொப்பீட்டுக்கு நம் முன்னோர் ஆயத்தமான கருவியொன்றை விட்டுச் சென்றுள்ளனர். திமிஷ்கு நகரின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியராயிருந்து ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், கல்வி ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடையும் வழிகளை எட்டாக வகுத்தார். ஆசிரியர் வாய்மொழியை நேரே கேட்பது ஸமாஉ. மாணவர் ஓத ஆசிரியர் செவியேற்பது கிராஅத். அறிவிக்க இசைவு தருவது இஜாஸா. நூலைக் கையில் அளிப்பது முனாவலா. தொலைவிலுள்ளார்க்கு எழுதி அனுப்புவது முகாதபா. இன்ன நூல் நான் கேட்டது என்று தெரிவிப்பது மட்டும் இஃலாம். மரணத்திற்குப் பின் நூல் சேருமாறு எழுதி வைப்பது வஸிய்யா. ஆசிரியரின் தொடர்பின்றி அவர் கையெழுத்தைக் கண்டெடுப்பது விஜாதா.

இவ்வரிசையில் இரு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, கடிதவழிக் கல்வியை அவர்கள் தள்ளிவிடவில்லை. அதை முறையான வழிகளுள் ஒன்றாக ஏற்றனர். இரண்டாவது, அதை நேர்க் கேள்வியோடு கலந்துவிடவுமில்லை. கடிதத்தால் பெற்றவன், இன்னார் எனக்கு எழுதினார் என்று சொல்ல வேண்டும். இன்னார் எங்களுக்கு எடுத்துரைத்தார் என்று பொதுப்படச் சொல்லலாகாது. கண்டெடுத்தவன் கண்டெடுத்தேன் என்றே கூற வேண்டும். வழியின் பெயரை மறையாமல் கூறுவது அறிவின் நாணயம் என அவர்கள் கருதினர்.

இந்த அளவுகோலை இணையக் கூட்டங்களுக்குப் பொருத்தினால் குழப்பம் தீர்கிறது. குறித்த வேளையில் பேச்சாளரோடு வினா விடுத்து உரையாடிக் கேட்டது கடிதத்திற்கு மேலானது, அவைக்குக் குறைவானது. பல மாதங்களுக்குப் பின் யூடியூபில் எதேச்சையாகக் கண்ட பதிவு விஜாதாவைப் போன்றது. ஒரு பதிவை ஆயிரவர் திறந்து பார்த்தனர் என்னும் எண்ணிக்கையைக் கொண்டு, ஆயிரம் வாசகர் நூலகம் வந்தனர் என்று கணக்கெழுதுவது வழிகளைக் கலந்துவிடுவதாகும். அரை நிமிடம் பார்த்துவிட்டு அகன்றவரும் அவ்வெண்ணிக்கையில் அடங்குவர் அன்றோ?

கடிதம் எட்டாத வீடுகள்

கடிதம் எட்டாத வீடுகளையும் எண்ணிப் பார்ப்போம். நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2017–18இல் நடத்திய 75ஆம் சுற்று ஆய்வின்படி, நாட்டின் ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்க்கும் நகர்ப்புறக் குடும்பங்களில் 42 விழுக்காட்டினர்க்குமே இணைய வசதி இருந்தது. கணினி உடைய குடும்பங்கள் ஊரகத்தில் 4 விழுக்காடு, நகரத்தில் 23 விழுக்காடு. பெருந்தொற்றின் வாயிலில் நாடு நின்ற நிலை இதுவே. கைபேசி இருந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒன்றே இருந்தது. தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றபின் பிள்ளைகளுக்கு அது இல்லை. இரு பிள்ளைகள் இருந்தால் பாடம் யாருக்கு, கதைநேரம் யாருக்கு?

சிறுசேரியின் தரவு மையங்களுக்குச் செல்லும் கண்ணாடி இழைக் கம்பிகள் இச்சாலையோரமாகவே ஓடுகின்றன. தெருவோரம் ஆறு ஓடினும் வீட்டில் குடமில்லாதவனுக்கு நீரில்லை. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஏழை இளைஞர் நூலகத்தை நாடுவது நூலுக்காக மட்டுமன்று. ஓரறை வீட்டில் கிடைக்காத அமைதிக்காகவும் ஆகும். அந்த அமைதியை எந்தக் கம்பியும் சுமந்து வருவதில்லை. நாளிதழ் படிக்க வரும் முதியவர் செய்தியோடு இரண்டொருவர் முகத்தையும் கண்டு செல்வார். இவ்விருவருக்கும் இணைய நூலகம் ஈடு செய்யவில்லை. நூலகச் சட்டம் எவரை முன்னிறுத்தி எழுந்ததோ அவரே இந்த இடப்பெயர்ச்சியில் பின்னே விடப்பட்டார். மாட்டுவண்டி சென்ற திசைக்கு இது நேர்மாறான திசை.

அரசும் இக்குறையை அறிந்திருந்தது என்பதற்குச் சான்றுகள் உள. இணையமில்லா வீடுகளுக்கென 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாட ஒளிபரப்புக்குப் பயன்பட்டது. அதுவும் போதாதென்று 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கே சென்று கற்பித்தனர். திரையால் இயலாததை மனிதர் நடந்து சென்று செய்ய வேண்டியிருந்தது. பள்ளிக்குக் கண்ட இத்தீர்வை நூலகத்திற்கும் காண வேண்டும்.

பதிவேட்டில் இடம்பெறாத அவைகள்

எட்டியவர்க்கும் எட்டாதவர்க்கும் பொதுவான இழப்பு ஒன்றும் உண்டு. இடைக்காலத் திமிஷ்கில் ஒரு நூல் அவையில் ஓதப்பட்டால், அதன் ஏட்டிலேயே ஸமாஉச் சான்றிதழ் எழுதப்படும். ஓதியவர் யார், செவிமடுத்த ஆசிரியர் யார், வந்திருந்தோர் யாவர், இடம் எது, நாள் எது என்பனவெல்லாம் அதில் இருக்கும். பெண்டிர் பெயரும், தந்தையரோடு வந்த சிறார் வயதும் குறிக்கப்பட்டன. தாமதமாக வந்தவர் எப்பகுதியைக் கேட்கவில்லை என்பதும், இடையே கண்ணயர்ந்தவர் யார் என்பதுங்கூடச் சில ஏடுகளில் உண்டு. அச்சான்றிதழ்களைத் தொகுத்தே இன்றைய ஆய்வாளர் அந்நகரின் வாசிப்பு வரலாற்றை எழுதுகின்றனர்.

நமது ஈராண்டு இணைய அவைகளுக்கு அத்தகைய ஏடு எங்கே? பெரும்பாலானவை ஜூம், யூடியூப், முகநூல் என்னும் தனியார் நிறுவனங்களின் இடத்தில் நடந்தன. பதிவு செய்யப்படாதவை அன்றே மறைந்தன. பதிவானவையும் அந்நிறுவனங்கள் விரும்பும்வரை இருக்கும். இரவல் இடத்தின் நிலையாமைக்கு உலகளாவிய சான்றும் உண்டு. 2020 மார்ச் 24இல் அமெரிக்காவின் இணைய ஆவணக்காப்பகம், நூலகங்கள் மூடப்பட்டமையைக் கருதி, தன் மின்னூல்களை வரிசையில் காத்திராமல் எவரும் இரவல் பெறத் திறந்துவிட்டது. பதிப்பாளர்கள் ஜூன் மாதம் வழக்குத் தொடுக்க, ஜூன் 16இல் அந்த ஏற்பாடு முடிவுற்றது. 2023இல் தீர்ப்பும், 2024இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் அந்நிறுவனத்திற்கு எதிராகவே அமைந்தன. உரிமையாளர் பக்கத்து நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் நூலகத்தின் அலமாரியில் உள்ள அச்சுநூலை வெளியாரொருவர் ஒரே நாளில் எடுத்துச் செல்ல முடியாது. திரையிலுள்ளதை எடுத்துவிட முடியும் என்ற உண்மை இதனால் புலப்படுகிறது.

செய்யத்தக்கன

பெருந்தொற்று ஓய்ந்தது; கதவுகள் திறந்தன. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது நூலகக் கட்டிடத்தின் மதிப்பு குன்றவில்லை என்பதைக் காட்டுகிறது. எனினும் ஈராண்டுப் பாடத்தை மறந்துவிடலாகாது.

முதலாவதாக, இணையவழிக் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்துக. அவற்றை வாசகர் வருகைக் கணக்கோடு கலவாமல் தனியேட்டில் குறிக்க. இரண்டாவதாக, தலைநகரில் நடக்கும் சொற்பொழிவைக் கேளம்பாக்கம் போன்ற ஊர்களின் நூலகங்களில் ஒரு திரையிட்டு, கைபேசி இல்லாதவரும் பலரோடு அமர்ந்து கேட்குமாறு செய்க. அவ்வாறு கேட்கும்போது கடிதவழி வந்தது மீண்டும் அவையாகிவிடும். மூன்றாவதாக, 2020, 2021ஆம் ஆண்டுகளின் எஞ்சிய பதிவுகளைத் திரட்டி, பேசியவர், நாள், பொருள் என்னும் விவரங்களோடு அரசின் மின்னூலகத்தில் சேர்த்து வைக்க. நான்காவதாக, மீண்டும் அத்தகைய காலம் வருமாயின் நூலகம் முழுவதையும் பூட்டாமல், வாசலில் நூல் வழங்கவும் வண்டியில் தெருவுக்கு நூல் கொண்டு செல்லவும் இப்போதே திட்டம் வகுக்க. 1931இன் மாட்டுவண்டிக்கு மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை, கடவுச்சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

கடல் கடந்த தமிழரோடு கேளம்பாக்கத்து வாசகரை ஒரே அவையில் இருத்தியது இணையத்தின் பெருமை. அவ்வூர் உப்பளத் தொழிலாளியின் மகளையும் அந்த அவைக்கு அழைத்துவருவது நூலகத்தின் கடமை. அவளுக்காக ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் ஒரு திறந்த கதவும் அவ்வூரில் இருக்குமாயின், எத்திரையிலிருந்து வரும் சொல்லும் அவளுக்குப் பயன்படும். அவளுக்கும் சேர்த்தே நூலக வரி வாங்கப்படுகிறது என்பதை ஆள்வோரும் நூலகரும் வரி செலுத்தும் நாமும் நினைவிற் கொள்வோமாக.